சஹானாவின் இடது கை

ரங்கராஜனுக்குப் பெட்டி தூக்கிப் பழக்கம் கிடையாது. முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் ஒரு பெரிய வாத்தியக் குழுவை நடத்துகிறவர். அவருடைய பெட்டியை யாராவது தூக்குவார்கள், அவர் குழுவை நடத்துகிற தன் கோலை மட்டும் தூக்குவார். அப்படிப்பட்டவர், புவனேஸ்வரத்து ஹோட்டல் வாசலில் ஒரு பெண்மணி சூட்கேஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இருங்கோ மேடம், நான் தூக்கறேன்" என்று பாய்ந்தார். பெட்டி படியேறிவிட்டது. அவருடைய வலது தோள் இறங்கிவிட்டது.

டாக்டர் கையை மடக்கித் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார். மூன்று வாரத்துக்கு அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாதாம். அடுத்த கச்சேரி கல்கத்தாவில், மறுநாள் விட்டு மறுநாள். டிக்கெட்டெல்லாம் விற்றாகிவிட்டது. அதன் பிறகு குவாஹாட்டி, ஷில்லாங், பாட்னா, ராஞ்சி என்று வரிசையாக ஊர்கள் காத்திருந்தன.

குழுவின் மேனேஜர் ராஜ்மோகன் நேராக சஹானாவிடம் வந்தார்.

"மேடம், ஓப்பனா சொல்லிடறேன். கல்கத்தா ஷோவ நீங்க நடத்துங்க. வேற வழி இல்ல. குவாஹாட்டிலேர்ந்து மும்பை அர்ஜுனன் சார் வர்றதா பேசி வெச்சிருக்கேன்."

"கல்கத்தா நன்னா போச்சுன்னா?"

"போகட்டும். பாக்கலாம்."

இந்தப் 'பாக்கலாம்' என்பது மேனேஜர்கள் மாத்திரம் பேசுகிற ஒரு தனி பாஷை. கேட்பவருக்கு 'சரி' என்று கேட்கும், சொன்னவருக்கு 'முடியாது' என்று ஞாபகம் இருக்கும். சஹானாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் அவளுக்கு உள்ளே என்னவோ குதித்தது. முதல் வயலின், துணை நடத்துநர் என்று ஒன்பது வருஷமாக இந்தக் குழுவில் இருக்கிறாள். துணை நடத்துநர் என்றால் என்ன வேலை தெரியுமோ? ஒத்திகை பார்ப்பது, யாருக்கு எந்த ஸ்வரத் தாள் என்று சரிபார்ப்பது, மைக் சோதனையின்போது ரங்கராஜன் காபி குடித்து முடிக்கும்வரை அவருடைய இடத்தில் நிற்பது. ஜனங்கள் உள்ளே வர ஆரம்பித்ததும் மரியாதையாக இறங்கிவிட வேண்டும். நடத்துநர் நிற்கிற அந்தச் சின்ன மரமேடையில் ரசிகர்கள் முன்னால் ஒருநாள்கூட அவள் ஏறியதில்லை. ஏற வேண்டும் என்று ஆசைப்படாத நாளும் இல்லை.

இப்போது ஒரு மாலை கிடைத்திருக்கிறது. அந்த ஒரு மாலையை வைத்துக்கொண்டு மிச்ச ஊர்களையும் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் மறுபடி வயலின் நாற்காலிதான், அதுவும் அர்ஜுனனுடைய காலடியில்.

இதில் இன்னொரு சங்கடம், கல்கத்தா அவளுடைய சொந்த ஊர். அப்பா வெங்கடநாராயணன் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டாக்குரியாவில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடி வீடு. சஹானா பிறந்தது, வளர்ந்தது, பிளாட்பாரத்தில் நின்று ஜால்முரி என்கிற காரப்பொரி தின்றது, ஜாதவ்பூரில் படித்தது எல்லாம் இங்கேதான். வேறு ஊரில் சொதப்பினால் ரயில் ஏறிவிடலாம். இங்கே சொதப்பினால் மாடிப்படி ஏறும்போதே ஒவ்வொரு கதவாகத் திறந்து விசாரிப்பார்கள்.

அம்மா கோமதி கொள்ளு ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள், "பயமா இருக்கா?"

"இருக்கும்மா."

"எனக்கும்தான். ரெண்டு வரிசைக்கு டிக்கெட் எடுத்துட்டேன். பக்கத்து வீட்டு பாசு மாசிமா, கீழ் வீட்டு முகர்ஜி, நம்ம தமிழ்ச் சங்கத்து மனுஷா எல்லாரும் வரா. ஏதாவது ஆச்சுன்னா நான் மீன் மார்க்கெட் வழியா போறதையே விட்டுடணும்."

"நாமதான் மீனே வாங்கறதில்லையே."

"வழி அதுதானேடி" என்றாள் கோமதி.

ஊர் சுற்றுகிற வாத்தியக் குழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரையும் ரயிலேற்றி அழைத்துப் போனால் கட்டுப்படியாகாது. அதனால் பாதிப் பேர்தான் சென்னையிலிருந்து கிளம்புவார்கள். மிச்சப் பேரை, முக்கியமாக வயலின்காரர்களையும், பெரிய வயலினான செல்லோவை வாசிக்கிறவர்களையும், அந்தந்த ஊரிலேயே பிடித்துக்கொள்வது. கச்சேரி நாள் காலையில் ஒரே ஒரு ஒத்திகை. மாலையில் எல்லோரும் கறுப்பு உடையில் பத்து வருஷம் சேர்ந்து வாசித்தவர்கள்போல உட்கார்ந்திருப்பார்கள். வாசிப்பது சினிமாப் பாட்டும் நாட்டுப் பாட்டும்தான். ஆனால் பெரிய குழுவுக்கென்று விரித்து எழுதி, தாள் பார்த்து வாசிக்கிற வாசிப்பு.

கல்கத்தாவில் தாள் பார்த்து வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சின்ன வயசிலிருந்து மேல்நாட்டு முறையில் பழகியவர்கள். செல்லோ வரிசைக்குத் தலைவி மௌமிதா. சால்வையும் பெரிய பொட்டுமாக, முதல் ஸ்வரத்திலேயே சபையை நிமிர வைக்கிற வாசிப்பு அவளுடையது. ஒத்திகை தொடங்கிப் பத்து நிமிஷத்தில் சஹானாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

கடைசி உருப்படிக்கு வந்தார்கள். அது சஹானாவே இந்த ஊருக்கென்று எழுதியது. கங்கையில் படகு வலிக்கிறவன் மெட்டு ஒன்று, காவிரியில் துடுப்புப் போடுகிறவன் மெட்டு ஒன்று. புல்லாங்குழல் முதல் மெட்டை அளவில்லாமல் இழுத்துக்கொண்டு வர, கீழே செல்லோக்கள் எட்டு எண்ணிக்கையில் துடுப்புப் போட வேண்டும். அழகாக ஆரம்பித்தார்கள். ஆறாவது எண்ணிக்கையில் செல்லோக்கள் கப்பென்று நின்றுவிட்டன. அதோடு கல்கத்தா வயலின்களும் நின்றன. சென்னைக்காரர்கள் மட்டும் அசடு வழிய இரண்டு ஸ்வரம் கூடுதலாக வாசித்துவிட்டு நிறுத்தினார்கள்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று சஹானா வங்க மொழியில் கேட்டாள்.

"நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க, தீதி?" என்றாள் மௌமிதா.

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி ஆறாவதில் நின்றார்கள். மூன்றாவது தடவை நின்றபோது முன் வரிசையில் கட்டிய கையோடு உட்கார்ந்திருந்த ரங்கராஜன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சஹானா, உன் இடது கையைப் பாரும்மா!"

பார்த்தாள். வலது கை கோலை வைத்துக்கொண்டு ஒழுங்காக மேல்நாட்டு வீச்சில் போய்க்கொண்டிருக்க, இந்த எட்டு எண்ணிக்கை காதில் விழுந்ததும் இடது கை தன்பாட்டுக்குத் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அந்த வீச்சில்தான் வினை. நமக்கு உள்ளங்கையைப் புரட்டினால் ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். கோல் பார்த்து வாசித்துப் பழகியவர்களுக்கோ நடத்துநரின் இடது கை புரண்டால் 'வெட்டு, நிறுத்து' என்று அர்த்தம். அவர்கள் சொன்ன பேச்சுக் கேட்டிருக்கிறார்கள், பாவம்.

அம்மா சமையலறையில் பாடப் பாட, பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டு வளர்ந்த கை அது. சென்னைக்காரர்கள் ஒன்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு அது ஒத்தாசையாக இருந்ததே தவிர விநோதமாகப் படவில்லை. அதனால் ஒருத்தரும் சொன்னதில்லை.

"சபாவுல முன் வரிசை மாமா மாதிரி மேடையில தாளம் போட்டுண்டு நிப்பியா?" என்றார் ரங்கராஜன். "ஒண்ணு பண்ணு. அந்தக் கையால புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் விடாதே."

ராஜ்மோகன் ஓரமாக நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். சஹானாவுக்கு முகம் சுட்டது. சரி என்று தலையாட்டினாள்.

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. தை மாதக் குளிர். குரங்குக் குல்லாய்களும் காஞ்சீவரப் பட்டுகளும் ஒரே வரிசையில் கலந்து உட்கார்ந்திருந்தன. சஹானா மரமேடையில் ஏறி வணங்கினாள். கைதட்டலில் அம்மாவுடைய இரண்டு வரிசை தனியாகக் கேட்டது. திரும்பி, வலது கையில் கோலை எடுத்து, இடது கையில் மாம்பழ நிறப் பட்டின் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

ஒருவரும் தப்பு வாசிக்கவில்லை. அதுதான் கொடுமை. எல்லாம் சரியாக இருந்தது, எதிலும் உயிர் இல்லை. டிரம்பெட்காரர்களை உள்ளே அழைக்க வேண்டிய இடத்தில் அழைக்கிற கை தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் தயங்கித் தயங்கி நுழைந்தார்கள். வயலின்களைத் தணிக்க வேண்டிய இடத்திலும் அதே கதை. மனசு அத்தனையும் ஒரு கையை அடக்குவதிலேயே போய்விட்டால் இன்னொரு கை மட்டும் எங்கிருந்து சங்கீதம் பண்ணும்? நடத்துகிறவள் பயந்தால் அது நாற்பது வாத்தியத்திலும் கேட்கும். கேட்டது.

ஜனங்கள் கைதட்டினார்கள், ஆபீஸில் பிரிவுபசார விழாவில் தட்டுவதுபோல. நான்காவது பாட்டில் பின் வரிசையிலிருந்து சிலர் மீன் பொரியல் விற்கிற பக்கமாக எழுந்து போனார்கள். அவர்கள் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் சஹானாவின் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது.

இடைவேளை விட்டார்கள். அவள் திரைக்குப் பின்னால் வந்தபோது ராஜ்மோகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல அர்ஜுனன் சார், மோசம்னு சொல்ல முடியாது. சுமாரா போகுது. ஷோ முடியட்டும், நானே கூப்பிட்டு ஃப்ளைட் விவரம் சொல்றேன்."

சஹானாவுக்கு அழுகை வந்தது. அழவும் செய்தாள், ஒரு அரை நிமிஷம், டிரம்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. சுமார்! ஒன்பது வருஷம் காத்திருந்து, சொந்த ஊரில், அம்மா அப்பா முன்னால், சுமார். இதற்கு மோசம் என்றே சொல்லியிருக்கலாம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்கென்று ஒதுக்கிய அறைக்குப் போகாமல், கல்கத்தா வாத்தியக்காரர்கள் மண் கோப்பைகளில் டீ குடித்துக்கொண்டிருந்த தாழ்வாரத்துக்குப் போனாள்.

"மௌமிதா, காலையில நான் உங்களை நிறுத்தலை. அந்தக் கை எண்ணிக்கிட்டிருந்தது. அது புரண்டா நிறுத்துன்னு அர்த்தம் இல்ல, ஓடிக்கிட்டே இருன்னு அர்த்தம்."

மௌமிதா கோப்பையை இறக்கினாள். "அப்படியா? அப்போ ஏன் ஒளிச்சு வெச்சீங்க? முதல் பாதி முழுக்க அந்தக் கை எங்கே எங்கேன்னு தேடிக்கிட்டே வாசிச்சோம்."

"நீங்க குழம்பிப் போவீங்கன்னு..."

"சொன்னாப் புரிஞ்சுக்க மாட்டோமா? என்ன தீதி நீங்க!" என்றாள் மௌமிதா. குரலில் நிஜமான கோபம் இருந்தது. "எப்படிப் போடறதுன்னு காட்டுங்க."

காட்டினாள். கறுப்பு உடை போட்ட வயலின்காரர்களும் செல்லோக்காரர்களும் வரிசையாகச் சுவரில் சாய்ந்து, ஒரு கையில் டீயோடு, இன்னொரு கையால் தொடையில் தட்டினார்கள். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். ஒருத்தர் கட்டைவிரலில் ஆரம்பித்தார், அவரை மற்றவர்கள் திருத்தினார்கள். வீச்சு வந்ததும் எல்லோருடைய கையும் ஒன்றாகப் புரண்டது. இரண்டாவது சுற்றில் சிரிப்பு. ஐந்தாவது சுற்றில் யாரும் சிரிக்கவில்லை. பிறவியிலேயே சங்கீதக்காரர்கள், ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் போதும்.

சத்தம் கேட்டு ரங்கராஜன் வந்துவிட்டார்.

"என்னம்மா இது, பஜனையா? தலைப்பைப் பிடிச்சுக்கோன்னு சொன்னேனே!"

"பிடிச்சுண்டேன் சார். அதான் இப்படிப் போறது."

"முப்பது வருஷமா நான் இடது கையை இப்படி வெச்சுண்டதில்லை."

"நீங்க வெச்சுக்க வேண்டாம் சார். இன்னிக்கு நான்தானே நிக்கறேன்."

அவரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. ரங்கராஜன் கட்டிய கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார்.

இரண்டாம் பாதிக்கு அவள் ஏறும்போது புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள், குழாயடிச் சண்டைக்குப் போகிறவள்போல. முதல் பாட்டிலேயே இடது கையை விட்டுவிட்டாள். அது என்ன வேண்டுமோ செய்துகொள்ளட்டும். அது தாளமும் போட்டது, டிரம்பெட்டுகளை வா என்றது, வயலின்களைக் கொஞ்சம் பொறு என்று அமர்த்தியது. நாற்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டிரம்பெட்காரர்கள் அழைத்த கணத்தில் பாய்ந்தார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் வேறு மாதிரி இருந்தது. மீன் பொரியல் தின்னப் போனவர்கள் கையில் தட்டோடு கதவருகே வந்து நின்றுகொண்டார்கள்.

பாட்டுக்குப் பாட்டு ஏறிக்கொண்டே போனது. பழைய டூயட் ஒன்றில் பாசு மாசிமா எழுந்து ஆடியதாகப் பிறகு சொன்னார்கள். சஹானா பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த நாற்பது முகங்களைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. இதற்காகத்தான் ஒன்பது வருஷம் காத்திருந்தோம் என்று நினைத்தாள். பரவாயில்லை, இன்னும் ஒன்பது வருஷம் காத்திருந்தாலும் தகும் என்றும் நினைத்தாள். சந்தோஷம் மனுஷனை இப்படித்தான் உளற வைக்கும்.

கடைசியாகப் படகுப் பாட்டு. புல்லாங்குழல் தனியாகக் கிளம்பியது. ஊதியது சுபிக்ஷா, குழுவிலேயே மூச்சு நீளமானவள். மெட்டை நீட்டினாள், வளைத்தாள், விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டாள். சஹானா அவளை அவசரப்படுத்தவில்லை. கோலைத் தாழ்த்திவிட்டு இடது கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மார்பு உயரத்துக்குத் தூக்கி, காற்றிலேயே விரல் மடக்கி எண்ணினாள். செல்லோக்கள் துடுப்பை இறக்கின. ஆறாவது எண்ணிக்கையில் கை புரண்டது, எட்டாவதில் மறுபடி புரண்டது. ஒரு வில்கூட நிற்கவில்லை. புரண்ட கையோடு கூடவே அத்தனை செல்லோக்களும் அடுத்த சுற்றுக்குள் சறுக்கிப் போயின. மௌமிதா வாசித்தபடியே சிரித்தாள்.

அதன் பிறகு நடந்ததை யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. முன்னால் இரண்டு வரிசையில் தமிழ்க்காரர்கள் தொடையில் தட்ட ஆரம்பித்தார்கள். கோமதிதான் முதல். பக்கத்தில் முகர்ஜி பார்த்தார், தானும் தட்டினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் தட்டினார்கள். பால்கனிவரை அது ஏறிப்போனது. காவிரித் துடுப்பும் கங்கைப் படகும் ஒன்று சேர்கிற இடம் வந்தபோது, சஹானா ரசிகர்கள் பக்கமாகத் திரும்பி, முதுகுக்குப் பின்னால் முழு வேகத்தில் வாசிக்கிற குழுவை அவர்கள் தட்டலோடு சேர்த்துவிட்டாள். கடைசிச் சுற்று. தட்டு, வீச்சு, தட்டு. இந்தத் தடவை வீசாமல் இரண்டு கையையும் மூடினாள். நாற்பது வாத்தியமும் ஆயிரம் கைகளும் ஒரே கணத்தில் நின்றன.

பிறகு அரங்கம் எழுந்தது.

"ஆபார்! ஆபார்!" என்று வங்காளிகள் கத்தினார்கள். "ஒன்ஸ் மோர்!" என்று தமிழர்கள் கத்தினார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். சஹானா குழுவை எழுந்து நிற்கச் சொன்னாள். மௌமிதாவை முன்னால் இழுத்து நிறுத்தினாள். சுபிக்ஷாவுக்குக் கை காட்டினாள். வெங்கடநாராயணன், வாழ்நாளில் உரக்கப் பேசியறியாத மனிதர், நாற்காலியில் ஏறி நின்று விசில் அடிக்க முயன்றார். காற்றுதான் வந்தது.

ஓரத்தில் ரங்கராஜன் நின்றார். இரண்டு கையாலும் தட்ட முடியாத காரணத்தால் நல்ல கையால் திரைச்சீலையின் மரச்சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நான் இப்படிப் பண்ணினதில்லை" என்றார் அவள் பக்கத்தில் வந்ததும். "பண்ணவும் வராது எனக்கு. சொல்லிட்டேன், போ."

ராஜ்மோகன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது ஒலித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்துப் பேசப் பிடிக்காத சங்கடம் அவர் முகத்தில் அப்பியிருந்தது.

"அர்ஜுனன் சார்தான் மேடம். நான் கூப்பிடறேன்னேன், அவரே கூப்பிடறார். என்னைக்குக் கிளம்பணும்னு கேப்பார்." போன் திரையைத் திருப்பிக் காட்டினார். "என்ன சொல்லட்டும்?"

வேறு நாளாக இருந்தால் 'நீங்க என்ன நினைக்கறேளோ' என்று சொல்லியிருப்பாள். அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"வணக்கம் சார், சஹானா பேசறேன். குவாஹாட்டி நான் நடத்தறேன். பாட்னா, ராஞ்சி எல்லாமே நான்தான். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

அர்ஜுனன் நல்ல மனிதர், முப்பது வருஷம் மேடையில் நின்றவர்.

"அது என்னம்மா பின்னாலே அவ்வளவு சத்தம்?" என்றார்.

"எங்க ஊர் சார்."

"அப்ப எங்கிட்ட என்ன பேச்சு? கூப்பிடறா, போ" என்று அவர் சிரித்தார்.

சஹானா போனை ராஜ்மோகன் கையில் திணித்துவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு மறுபடி வெளிச்சத்துக்குப் போனாள்.